இரட்டை எழுத்துக் காசு வந்த வழி

இந்தக் காசின் பிழை, காசு பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளாமல் இதன் கதையைச் சொல்ல முடியாது.

காசு என்னவோ சாதாரணமானதுதான். 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச் சாலையில் அடிக்கப்பட்ட ஒரு சென்ட். 95 சதவீதம் செம்பு, மிச்சம் வெள்ளீயமும் துத்தநாகமும். எடை 3.11 கிராம், குறுக்களவு 19 மில்லிமீட்டர். தலைப்பக்கத்தில் ஆபிரகாம் லிங்கன் வலப்புறம் பார்த்தபடி இருக்கிறார். தலைக்கு மேலே ‘இன் காட் வி டிரஸ்ட்’ என்ற வாசகம், பின்னந்தலைக்கு அருகே ‘லிபர்ட்டி’, மார்புக்கு முன்னால் ஆண்டு. பின்பக்கத்தில் இரண்டு கோதுமைக் கதிர்கள். அந்த ஆண்டில் பிலடெல்பியா மட்டுமே இப்படி 33 கோடி காசுகளை அடித்துத் தள்ளியது. அவற்றில் ஆயிரக்கணக்கான காசுகளில் வாசகம், லிபர்ட்டி, ஆண்டு எல்லாமே இரண்டு இரண்டாகத் தெரியும். கண்ணாடி கழற்றிய கிட்டப்பார்வைக்காரர் பார்ப்பதுபோல என்று நினைக்க வேண்டாம். இரண்டு எழுத்துகளுமே கூர்மையாக, தனித்தனியாக நிற்கும். நல்ல கண்ணுக்கு உருப்பெருக்கி தேவையில்லை. லிங்கனின் முகத்தில் மட்டும் அவ்வளவாக ஒன்றும் தெரியாது.

முகம் ஏன் தப்பியது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பாதிக் கதை தெரிந்துவிடும். அதற்கு முன்னால் அச்சுகளின் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

லிங்கனின் இந்த உருவத்தைச் செய்தவர் விக்டர் டேவிட் பிரென்னர். லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சிற்பி. லிங்கன் பிறந்து நூறாண்டு நிறைந்த 1909இல் இந்தக் காசு வெளிவந்தது. பின்பக்கத்தின் அடியில் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளையும் பிரென்னர் போட்டிருந்தார். அது பெரிதாகத் தெரிகிறது, விளம்பரமாக இருக்கிறது என்று கூச்சல் கிளம்ப, காசு வெளியான சில நாட்களிலேயே எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். 1918இல், லிங்கனின் தோள் வெட்டுப்பட்டு முடியும் இடத்தில், எறும்பளவில் அவை திரும்பி வந்தன. ஒரே காசுக்கு இப்படி ‘எழுத்து உள்ளது’, ‘எழுத்து இல்லாதது’ என்று இரண்டு வகைகள் முதலாண்டிலேயே உருவாகிவிட்டன. அது வேண்டுமென்று செய்த மாற்றம். நம் காசுடையது அப்படி இல்லை.

சிற்பி செய்யும் உருவம் தட்டு அளவில் பெரிதாக இருக்கும். அதன் மேடு பள்ளங்களை ஓர் ஊசி தடவிக்கொண்டே போக, இன்னொரு முனையில் வெட்டுக் கருவி அதே அசைவைப் பல மடங்கு சுருக்கி எஃகில் செதுக்கும். கிடைக்கும் எஃகுத் துண்டில் உருவம் காசில் இருப்பதைப் போலவே மேடாக இருக்கும். இதற்கு ஹப் என்று பெயர். ஹப்பை மிருதுவான எஃகில் அழுத்தினால் பள்ளமான, இடம் வலம் மாறிய உருவம் விழும். அதுதான் அச்சு. முதல் ஹப்பிலிருந்து மூல அச்சு, மூல அச்சிலிருந்து வேலை ஹப்புகள், வேலை ஹப்பிலிருந்து வேலை அச்சுகள் என்று வம்சம் பெருகும். கடைசியில் வரும் வேலை அச்சுதான் பிரஸ்ஸில் ஏறி வெற்று வில்லையை நசுக்கிக் காசாக்குகிறது. ஆண்டு இலக்கத்தின் மாறும் பகுதி மட்டும் ஆண்டுதோறும் மூல அச்சில் புதிதாகச் சேர்க்கப்படும். 1909இன் உருவம்தான் 1968 வரை இந்தக் குடும்பத்தின் பாட்டி. அடித்து அடித்து அதன் கோடுகள் மழுங்கி, லிங்கனின் முகம் ஊதிப்போன பிறகுதான் 1969இல் புதிதாக ஒன்றைச் செய்தார்கள்.

ஓர் அச்சு ஐந்து லட்சம் காசு அடிக்கும் என்று வைத்துக்கொண்டால்கூட 33 கோடிக்குத் தலைப்பக்கத்துக்கு மட்டும் அறுநூறுக்கு மேற்பட்ட அச்சுகள் வேண்டும். பின்பக்கத்துக்கும் அப்படியே. ஆக, அச்சு செய்யும் பட்டறைக்கு ஒரு தனி அச்சு என்பது பெரிய விஷயமே இல்லை. அன்றாடச் சரக்கு.

இனிப் பிழைக்கு வருவோம். எஃகுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்த அழுத்த இறுகும். ஹப்பை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து ஒருமுறை அழுத்தினால் உருவம் அரைகுறையாகத்தான் பதியும். அதற்குள் எஃகு இறுகி, இனி உள்ளே விடமாட்டேன் என்று நிற்கும். மேலும் வற்புறுத்தினால் விரிசல் விடும். ஆகவே அச்சை வெளியே எடுத்து, உலையில் பழுக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு, எஃகை மறுபடி இளக வைத்து, மேலே படிந்த கசடைத் துடைத்து, மீண்டும் அதே ஹப்பின் கீழ் வைத்து அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்தலில்தான் எழுத்தின் ஆழமும் முகத்தின் நுணுக்கமும் முழுதாக வரும். இந்த இரண்டாவது அழுத்தலுக்கு முன்னால், முதல்முறை பதிந்த கோடுகளின் மீதே ஹப்பின் கோடுகள் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும்.

1955இல் ஓர் அச்சுக்கு அது நடக்கவில்லை. இரண்டாவது முறை வைத்தபோது அச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. நகரவில்லை, திரும்பியிருந்தது. மையம் மையத்தின் மேல்தான் இருந்தது. சக்கரம் சுழலும்போது அச்சாணிக்குப் பக்கத்தில் உள்ள புள்ளி கொஞ்சம் நகரும், விளிம்பில் உள்ள புள்ளி நிறைய நகரும். காசின் மையத்திலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் எழுத்து, மூன்று பாகை திரும்பினாலே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் விலகிவிடும். மையத்தை ஒட்டியிருக்கும் லிங்கனின் கன்னமோ அதே திருப்பத்துக்கு அசைந்ததாகவே காட்டாது. முகம் தப்பித்ததும் வாசகம் சிக்கிக்கொண்டதும் இதனால்தான். சேகரிப்பாளர்கள் இதை முதல் வகை ஹப் இரட்டிப்பு என்பார்கள். சுழற்சியால் வந்தது. மொத்தம் எட்டு வகைகள் வகுத்திருக்கிறார்கள். ஹப் பக்கவாட்டில் நகர்ந்தது, சாய்ந்தது, விளிம்புக்கு அருகே ஒரு புள்ளியை மையமாக்கித் திரும்பியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை. எட்டையும் இங்கே அடுக்கப் போவதில்லை. மூன்றாவது வகையை மட்டும் விட மனமில்லை. அதில் முதல் அழுத்தலுக்கு ஒரு ஹப், இரண்டாவது அழுத்தலுக்கு வேறொரு ஹப். 1942ஆம் ஆண்டின் பத்து சென்ட் காசு ஒன்றில், 2 என்ற இலக்கத்தின் அடியிலிருந்து 1 எட்டிப் பார்க்கும். முதல் அழுத்தல் 1941இன் ஹப்பால், இரண்டாவது 1942இன் ஹப்பால். ஆண்டு மாறும் நேரத்தில் பட்டறையில் இரண்டு ஆண்டுகளின் ஹப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததன் ரசீது அந்தக் காசு.

பிசகிய அச்சைப் பார்த்ததும் ஒதுக்கியிருக்க வேண்டும். யாரும் ஒதுக்கவில்லை. உறுதியேற்றி, மெருகிட்டு, மற்ற அச்சுகளோடு பிரஸ் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அது ஒரு நல்ல பின்பக்க அச்சோடு ஜோடி சேர்ந்தது. இந்த ஜோடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கள்ளக்காசைப் பிடிக்கும்போது பின்பக்கம்தான் சாட்சி சொல்லப் போகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பிரஸ்ஸில் அடிபட்ட ஒவ்வொரு காசும் ஒருமுறைதான் அடிபட்டது. வில்லை சரி, எடை சரி, அழுத்தம் சரி. ஈய எழுத்துக் கோத்த பக்கத்தில் பிழை இருந்தால் ஆயிரம் பிரதியிலும் அதே பிழை அதே இடத்தில் வரும், அதற்காக எந்தப் பிரதியையும் குறை சொல்ல முடியாது. அதுபோலத்தான் இதுவும். காசு தன் அச்சுக்கு நூறு சதவீதம் விசுவாசமாக இருந்தது. ‘பிழைக் காசு’ என்று கடைகளில் பெயர் எழுதி விற்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. பிரஸ்ஸில் வில்லை நகர்ந்து இருமுறை அடிபட்டால் அது காசின் பிழை. அதன் ஜோடி உலகில் எங்கும் இருக்காது. இதுவோ அச்சின் பிழை. ஆயிரக்கணக்கான உடன்பிறப்புகள் உண்டு, எல்லோருக்கும் ஒரே மச்சம்.

பிலடெல்பியாவில் அன்று பல பிரஸ்கள் சென்ட் அடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பிரஸ்ஸின் காசும் அதனதன் பெட்டியில் விழும், பிறகு எல்லாம் ஒன்றாகக் கலக்கப்படும். ஒரு பரிசோதகர் இரட்டை எழுத்தைக் கவனித்து அச்சைக் கழற்றினார். அதற்குள் 40,000 காசுகளுக்கு மேல் அடித்தாகிவிட்டது. அவற்றில் சுமார் 24,000 காசுகள் மற்ற பிரஸ்களின் நல்ல காசுகளோடு கலந்து போயிருந்தன. பெட்டியில் தனியாகக் கிடந்தவற்றை அழிப்பது சுலபம், அழித்தார்கள். கலந்துபோனவற்றை என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆள் போடுவதா, நல்ல காசுகளையும் சேர்த்து உருக்குவதா? இரண்டுமே காசின் மதிப்பைவிடச் செலவு வைக்கும் வேலை. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு சென்ட்டில் எழுத்து கொஞ்சம் தடித்திருந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்பது கணக்கு. அந்த நேரத்தில் அது அறிவுள்ள கணக்குதான். அதைத் தப்புக் கணக்காக்கியது சிகரெட்.

அன்று அமெரிக்காவில் சிகரெட் பாக்கெட் பல இடங்களில் 23 சென்ட். உணவகங்களிலும் பேருந்து நிலையங்களிலும் நின்ற சிகரெட் எந்திரங்களில் கால் டாலர் காசு மட்டும்தான் போட முடியும். மீதி இரண்டு சென்ட்டைத் திருப்பித் தர எந்திரத்துக்கு வழி கிடையாது. ஆகவே சரக்கு ஏற்றும்போதே ஒவ்வொரு பாக்கெட்டின் செலோபேன் உறைக்குள்ளும் இரண்டு புதுச் சென்ட்களைச் செருகி வைத்தார்கள். வங்கியிலிருந்து மூட்டையாக வந்த புதுக் காசு, விரல் படாமல் நேராகக் கண்ணாடித்தாளுக்குள் போய் உட்கார்ந்தது. பாக்கெட்டை வாங்கியவர் பிரித்தபோது அவர் கண்ணில் முதலில் பட்டது அந்த இரண்டு காசுகள்தான். கல்லாப்பெட்டிக்குப் போயிருந்தால் இந்த 24,000 காசுகளும் கைக்குக் கை தேய்ந்து, ஆண்டுக்கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும். புகைக்கிறவர் பற்றவைக்கும் முன் ஒரு நிமிடம் காசைப் பார்த்தார், லிங்கனுக்கு மேலே எழுத்து இரட்டையாக இருப்பதைக் கண்டார். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலும் மாசசூசெட்ஸிலும்தான் இவை அதிகம் கிடைத்தன. இந்த மூட்டைகள் அந்தப் பக்கம் போயிருக்கின்றன.

ஜேம்ஸ் ரட்டி என்ற நாணய வணிகர் நியூயார்க் மாநிலத்தின் ஜான்சன் சிட்டியில் இருந்தார், இவை கிடைத்த வட்டாரத்தின் நடுவிலேயே. அவரும், பின்னாளில் அமெரிக்க நாணயங்களைப் பற்றி ஏராளமான நூல்கள் எழுதிய டேவிட் பவர்ஸும் இந்தக் காசைத் தொடக்கத்திலேயே கைநிறையப் பார்த்தவர்கள். முதலில் இதை ‘ஷிஃப்ட் சென்ட்’, நகர்ந்த சென்ட் என்றுதான் அழைத்தார்கள். கால் டாலர் கொடுத்து வாங்கினார்கள். பெரிய ஆர்வம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அந்தக் காலத்துச் சேகரிப்பாளருக்கு வேண்டியது ஆண்டுக்கு ஒன்று, நாணயச் சாலைக்கு ஒன்று. ஆல்பத்தில் அதற்குத்தான் ஓட்டை இருந்தது. இந்த மாதிரி விசித்திரங்களைத் தனியாக ஒரு கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தது, மற்றவர்கள் அவர்களைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் இந்தக் காசு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதுதான் அதைக் காப்பாற்றியது. குழந்தையிடம் காட்டினாலும் என்ன விசேஷம் என்று சொல்லிவிடும். சில ஆண்டுகளில் விலைப் பட்டியல்களில் ஏறி, லிங்கன் வரிசையைச் சேர்ப்பவர் வைத்திருந்தே ஆகவேண்டிய காசாகிவிட்டது. இன்று நன்றாகப் புழங்கித் தேய்ந்த ஒன்றுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். செம்பின் முதல் நாள் சிவப்பு குறையாதது கிடைத்தால் விலை வேறு உலகத்தில் இருக்கும்.

விலை வந்ததும் கள்ளம் வந்தது. கள்ள அச்சு செய்து போலி 1955 அடித்தார்கள். எழுத்தின் இரட்டிப்பைப் பார்த்து மட்டும் போலியைப் பிடிப்பது கடினம். அதைத்தான் மோசடிக்காரன் கவனமாகச் செய்திருப்பான். அசலுக்குச் சாட்சி சொல்வது எதிர்ப்பக்கம். பிசகிய தலைப்பக்க அச்சோடு ஜோடி சேர்ந்த அந்தப் பின்பக்க அச்சில், ‘சென்ட்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தான டி-யின் தண்டுக்கு இடப்புறம், மெல்லிய கீறல்கள் இருந்தன. அச்சு தயாரானபோது மெருகுக் கல் பட்டு விழுந்த கீறல்கள். அச்சில் பள்ளம் என்றால் காசில் மேடு, ஆகவே அசல் காசுகளில் அவை மயிர் போன்ற மேட்டுக் கோடுகளாகத் தெரியும். யாரும் அழகு என்று சொல்லாத அந்தக் கீறல்கள்தான் இன்று பல ஆயிரம் டாலருக்குப் பத்திரம். அச்சு வகைகளை அடையாளம் காணும் கலையே இதுதான் என்பேன். பெரிய விஷயத்தைப் பார்த்துவிட்டு, அதோடு ஒரே பட்டறையில் பிறந்திருக்க வேண்டிய சின்ன விஷயம் இருக்கிறதா என்று தேடுவது. விரிசல், கீறல், மெருகுத் தடம், தேய்மானம். ஓர் அச்சில் சின்ன விரிசல் விட்ட பிறகு அடித்த காசுகளை வரிசைப்படுத்தினால் விரிசல் காசுக்குக் காசு வளர்ந்துகொண்டே போகும். அச்சு எப்போதோ நொறுங்கிப் போயிருக்கும், அதன் முதுமை மட்டும் யாரோ ஒருவரின் மேசையில் வரிசையாகக் கிடக்கும்.

1955ஆம் ஆண்டிலேயே இன்னொரு காசும் உண்டு. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதை ‘ஏழையின் டபுள் டை’, அதாவது ஏழையின் இரட்டை அச்சு, என்று கேலியாக அழைப்பார்கள். ஆண்டின் கடைசி 5 மட்டும் நிழல் விழுந்ததுபோல இருக்கும். விலை மிகக் குறைவு, அதுவே நியாயம். அதில் ஹப் எந்தத் தப்பும் செய்யவில்லை. பல லட்சம் முறை அடித்துத் தேய்ந்த அச்சில், உலோகம் விளிம்பை நோக்கி ஓடி ஓடி, எழுத்தின் கரையை அரித்துவிட்டது. எழுத்து வீங்கியிருக்கும், பிளந்திருக்காது. சுற்றியுள்ள வெற்றிடமும் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரத்திருக்கும். அண்ணன் பிறவியிலேயே இரட்டை, தம்பிக்கு வயதாகி உடல் தளர்ந்தது. இருவரும் ஒரே ஆண்டு, ஒரே ஊர். புதியவர் வாங்கி ஏமாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

ஏமாற்றுவதில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் எங்கும் மலிந்தது. பிரஸ்ஸில் அச்சு தளர்ந்திருந்தால், காசை அடித்துவிட்டு விலகும்போது அச்சு துள்ளி, புதிதாக எழுந்த எழுத்தின் ஓரத்தைத் தட்டிவிடும். எழுத்தின் பக்கத்தில் ஒரு படிக்கட்டு உண்டாகும். தாழ்வான, தட்டையான, பளபளக்கும் படி. எழுத்து அகலமாகியிருக்காது. ஓரம் வெட்டுப்பட்டதால் உண்மையில் ஒல்லியாகியிருக்கும். ஹப் இரட்டிப்பிலோ எழுத்தின் மொத்த அகலம் கூடியிருக்கும், இரண்டு உருவமும் உருண்டையாக எழும்பியிருக்கும், எழுத்தின் முனைகளில் பாம்பின் நாக்குபோலப் பிளவு இருக்கும். பத்து மடங்கு காட்டும் லூப் ஒன்றும், பக்கவாட்டில் விழும் விளக்கும் போதும். வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். தட்டையான படி ஒரு கோணத்தில் மட்டும் கண்ணைக் கூச வைக்கும், பிளவு எந்தக் கோணத்திலும் பிளவாகவே இருக்கும். 1982க்குப் பிறகு வந்த அமெரிக்கச் சென்ட்களில் உள்ளே துத்தநாகம், மேலே செம்பு முலாம்தான். அடிபடும்போது முலாம் எழுத்தோரம் கிழிந்து இரட்டிப்பு மாதிரி நடிக்கும், அதுவும் ஒன்றுக்கும் உதவாது.

1969இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த சென்ட்டின் விஷயத்தில் இந்தப் பாடம் காவல்துறை வரைக்கும் போயிற்று. அந்த ஆண்டின் சில காசுகளில் 1955ஐப் போலவே பலமான ஹப் இரட்டிப்பு இருந்தது. அதே சமயத்தில் பிலடெல்பியாக் காசுபோல 1969 என்று ஆண்டிட்ட கள்ள இரட்டைக் காசுகளை அடித்து விற்றவர்கள் பிடிபட்டார்கள். அமெரிக்க ரகசியச் சேவை, இரட்டை எழுத்து என்றாலே கள்ளம் என்று நினைத்து, சான் பிரான்சிஸ்கோவின் அசல் காசுகளையும் பறிமுதல் செய்தது. சிலவற்றை அழித்தும் விட்டது. அவை நாணயச் சாலையில் பிறந்தவைதான் என்று பிறகே ஏற்றுக்கொண்டது. இன்று அந்த 1969 காசு, 1955ஐவிட அரிது.

அதை அடையாளம் காண ஓர் அருமையான வழி உண்டு. அந்தக் காலத்தில் ஊரைக் குறிக்கும் எஸ் என்ற எழுத்து ஹப்பில் கிடையாது. அச்சு முழுதாகத் தயாரான பிறகு, ஓர் ஆள் சிறிய உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி அந்த எழுத்தைப் பதிப்பார். ஆகவே ஹப் எத்தனை முறை பிசகினாலும் எஸ் இரட்டிக்காது, அது வரும்போது பிசகு முடிந்துவிட்டிருக்கும். ஆண்டு இரட்டித்து, எஸ் ஒற்றையாக இருந்தால் ஹப்பின் வேலை. ஆண்டோடு சேர்ந்து எஸ்ஸுக்கும் அதே திசையில் நிழல் இருந்தால், எல்லாம் முடிந்த பிறகு பிரஸ்ஸில் நடந்த துள்ளல். எது முதலில், எது பிறகு என்று தெரிந்தால் போதும், லூப்கூட இரண்டாம் பட்சம். 1990இல் சென்ட்டுக்கு அந்த எழுத்தையும் மூல அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள். சேகரிப்பாளர்களுக்கு ஒரு நல்ல சாட்சி போயிற்று.

நம் பக்கத்திலும் இந்த வித்தை புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1840 என்று ஆண்டிட்டு வெளியிட்ட விக்டோரியா ரூபாயில், அரசியின் பெயர் தலையைச் சுற்றித் தொடர்ச்சியாக ஓடுவது ஒரு வகை, தலைக்கு இருபுறமும் பிரிந்து நிற்பது இன்னொரு வகை. பின்பக்க மாலையில் உள்ள பழங்களை எண்ணி, கல்கத்தாவா பம்பாயா சென்னையா என்று வழக்காடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 1862 ரூபாய் இன்னும் வேடிக்கை. பல ஆண்டுகள் காசில் ஆண்டை மாற்றாமல் 1862 என்றே அடித்தார்கள், புள்ளிகளைக் கூட்டிக் கூட்டி உண்மையான ஆண்டைக் குறித்தார்கள். 1869இல் சென்னை நாணயச் சாலை மூடப்பட்டது, புள்ளி எண்ணுகிறவர்களுக்கு அது ஓர் எல்லைக்கோடு. ஆனால் இவை எல்லாம் வேண்டுமென்று செய்த அடையாளங்கள். ஹப் இரட்டிப்பைத் தேடும் பழக்கம் நம்மிடம் அண்மையில்தான் வந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் யூடியூப் வழியாக. இரண்டு ரூபாய் நாணயத்தைக் கேமராவுக்கு முன்னால் நீட்டி, நிழல் தெரிகிறது பாருங்கள், லட்ச ரூபாய் என்கிறார்கள். அவர்கள் காட்டுவது பத்தில் ஒன்பது முறை அச்சு துள்ளிய படிக்கட்டு. பழைய நாணயங்களை வாங்க விற்க ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கும் மோசடிகள் பெருகியதால், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

பிலடெல்பியாவுக்குத் திரும்பினால், 1955இன் பாடத்தை நாணயச் சாலை உடனே கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1972இல் அதே ஊரில், அதே சென்ட்டில், மறுபடி இரட்டை எழுத்து. 1983இல் பின்பக்கம். 1984இல் லிங்கனின் காதுமடலுக்குக் கீழே இன்னொரு மடல். 1995இல் மறுபடி தலைப்பக்கம், அது தேசிய நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்துக்கே போயிற்று. அழுத்து, காய்ச்சு, மறுபடி அழுத்து என்ற முறை இருக்கும்வரை பிசகுக்கும் இடம் இருந்துகொண்டே இருந்தது. பிறகு, 1990களின் இரண்டாம் பாதியில், ஒரே அழுத்தலில் முழு உருவமும் பதியும் வலுவான பிரஸ்கள் வந்தன. இரண்டாவது அழுத்தலே இல்லை, பிசகுவது எப்படி? இரட்டை அச்சின் காலம் முடிந்தது என்று பலரும் எழுதிவிட்டார்கள்.

முடியவில்லை. உருவம் ஏற வேண்டிய எஃகின் முகம் தட்டையாக இருப்பதில்லை, நடுவில் கூம்புபோல எழும்பியிருக்கும். உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்குப் பரவுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஹப் அந்தக் கூம்பின் நுனியில் சற்றுச் சாய்வாகத் தொட்டால், முதல் கணத்தில் நடுப்பகுதி மட்டும் பதியும். அழுத்தம் ஏற ஏற அச்சு நிமிர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்து முழு உருவமும் மேலே பதியும். ஒரே அழுத்தலுக்குள் இரண்டு தொடுதல். இந்த வகை இரட்டிப்பு 1955க்கு நேர் எதிரானது. அங்கே விளிம்பு இரட்டித்தது, நடு தப்பித்தது. இங்கே விளிம்பு சுத்தம், நடுவில்தான் சிக்கல். ஆகவே இன்றைய காசில் எழுத்தையும் ஆண்டையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று வைத்துவிடக் கூடாது. உருவத்தின் நடுவே, கண், காது, கை இருக்கும் இடத்தில் தேட வேண்டும்.

லிங்கன் பிறந்து இருநூறாண்டு நிறைந்த 2009இல் சென்ட்டின் பின்பக்கத்துக்கு நான்கு படங்கள் போட்டார்கள். ஒன்றில், மரம் வெட்டும் வேலைக்கு நடுவே இளைஞர் லிங்கன் வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார். புத்தகம் காசுக்கு ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. அந்தப் படத்துக்கு இரட்டித்த அச்சுகள் ஒன்றிரண்டு அல்ல, வரிசை எண் போட்டுப் பட்டியலிடும் அளவுக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் எழுத்தெல்லாம் ஒழுங்காக இருக்க, புத்தகத்தைப் பிடித்திருக்கும் கையில் மட்டும் கூடுதலாக ஒரு விரல் இருக்கிறது. அமெரிக்காவில் அந்தக் காசுகள் இன்னும் கல்லாப்பெட்டிகளில் புழங்கிக்கொண்டுதான் இருக்கின்றன, ஒரு சென்ட் மதிப்பிலேயே.